அண்ணியின் ஓடாத மோட்டார்

அண்ணி கல்யாணமாகி வந்த முதல் வாரமே எங்கள் வாஷிங் மெஷினைப் பிரித்துப் போட்டுவிட்டாள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷின். "ஆட்டம் சரியில்ல, அதான்" என்றாள். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கே நான் இவளுக்குத் திருப்புளி என்று பெயர் வைத்தேன். கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால், பொருத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். அவளோடு சண்டை போடவும் முடியாது.

எஞ்சினியரிங் படித்தவள். அதை நாலு பேரிடம் தானே சொல்லிக்கொள்ளவும் கூச்சப்படாதவள். வீட்டு முன்னறையில் வீடியோ கேம் கன்ட்ரோலர்களைப் பழுது பார்க்கும் கடை போட்டாள். கொஞ்ச நாளில், ஊரார் செய்ததையே எத்தனை காலம் ஒட்டுப்போடுவது என்று சொந்தமாக ஒன்றைச் செய்ய உட்கார்ந்தாள்.

திரையில் குண்டு வெடித்தால் பிடித்திருக்கும் இரண்டு கையும் அதிர வேண்டும். அதற்குப் பெரிய கம்பெனிக்காரர்கள் ஆளுக்கு ஒரு பக்கமாக இரண்டு மோட்டார் வைப்பார்கள். அண்ணி இடது பக்கம் ஒன்றே ஒன்றை வைத்து, ஒரு எஃகுப் பட்டை வழியாக அதிர்வை வலக்கைக்கும் கொண்டுபோனாள். அபாரமாக வேலை செய்தது. ஆனால் இடது பக்கம் மட்டும் கனத்தது. அதனால் வலது குழியில், கடையில் எரிந்துபோய்க் கிடந்த பழைய மோட்டார் ஒன்றை வெறும் பாரத்துக்காக வைத்து மூடினாள்.

"இதுக்கு ஒரு கல்லை வெச்சிருக்கலாமே?" என்றான் அண்ணன்.

"கல்லு கடகடன்னு ஆடும். இது அளவெடுத்த மாதிரி உக்காருது பாருங்க."

கன்ட்ரோலர் விற்றது. அதுதான் கண்ணை உறுத்திவிட்டது. இரண்டு மோட்டாரால் அதிர வைக்கும் முறைக்குக் காப்புரிமை எங்களுடையது, இவள் திருடிவிட்டாள் என்று ஒரு பெரிய கம்பெனி வழக்குப் போட்டது. தீர்ப்பு வரும்வரை செய்யவும் கூடாது, விற்கவும் கூடாது என்று கோர்ட் தடை போட்டது. கடை பூட்டிக் கிடந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கம்பெனி வாசலில் போய் நின்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன், அண்ணன்தான் பிடித்து நிறுத்தினான்.

எங்கள் வக்கீலே சோர்ந்துவிட்டார். "அவங்க உங்க கன்ட்ரோலரை எடுத்த எக்ஸ்ரே படத்துல ரெண்டு மோட்டார் பளிச்சுனு தெரியுதும்மா. நாம ஒண்ணைப் பிரிச்சுக் காட்டினா, கேஸுக்காகக் கம்பியை வெட்டிட்டீங்கம்பாங்க. காப்பியடிச்சேன்னு ஒத்துக்கிட்டா வாபஸ் வாங்கிக்கறாங்களாம். பேசாம கையெழுத்துப் போட்டுடுங்க."

"நான் பரீட்சையிலயே காப்பியடிச்சதில்ல சார். இதுக்குப் போய் ஒத்துக்கணுமா?" என்றாள் அண்ணி. குரல் கொஞ்சம் உடைந்தது. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

விசாரணையன்று கம்பெனியின் நிபுணர் படத்தைச் சுட்டிக்காட்டிப் பேசித் தள்ளினார். அண்ணி வக்கீலின் காதைக் கடித்துக்கொண்டே இருந்தாள். பொறுத்துப் பார்த்த நீதிபதி, "நீங்களே கேளுங்கம்மா" என்றார்.

"சார், நீங்க வாங்கின கன்ட்ரோலரைப் பிரிச்சுப் பாத்தீங்களா?"

"இல்லை. வாங்கின கையோட சீல் வெச்சுட்டோம். சாட்சிப் பொருளைக் கலைக்கக் கூடாது."

"ஒரு தடவையாவது வெளையாடிப் பாத்தீங்களா?"

"சீல் வெச்ச பைக்குள்ள இருக்கறதை எப்படி வெளையாடறது?"

"அப்ப அதையே இங்க பிரிங்க. என் கை படவே வேணாம்."

நீதிபதி சரி என்றார். நிபுணரே சீலை உடைத்தார், திருகாணிகளைக் கழற்றினார். படத்தில் வலது மோட்டாருக்குப் போவதுபோலத் தெரிந்த கம்பி, அதன் பின்னால் நழுவி ஸ்பீக்கருக்குப் போயிருந்தது. மோட்டாரில் கம்பியே இல்லை. முனைகள் கருகிக் கிடந்தன. நிபுணர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஓட்டுங்க," என்று நீதிபதியே அதைக் கையில் வாங்கிக்கொண்டார். நிபுணர் அதன் கம்பியை ஒரு லேப்டாப்பில் செருகி கேமை ஓட்டினார். இடது மோட்டார் சுற்றியது. வலது மோட்டார் அசையவே இல்லை. நீதிபதியின் புருவம் மேலே போனது.

"ரெண்டு கையும் அதிருதே!"

"அதான் ஐயா என் வேலை!" என்று அண்ணி போட்ட சத்தம் வராந்தாவரை கேட்டிருக்கும்.

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் தீர்ப்பு வந்தது. காப்பி இல்லை, தடை நீங்குகிறது, ஒற்றை மோட்டாரால் அதிர வைப்பது இவருடைய சொந்த யோசனை. நான் என்னை மறந்து இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்துவிட்டேன்.

"யாரது?" என்றார் நீதிபதி. வக்கீல் என்னை யாரென்றே தெரியாத மாதிரி கூரையைப் பார்த்தார். அண்ணிதான் எழுந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"என் நாத்தனாருங்க ஐயா. நானும் அடிக்கலாமான்னுதான் யோசிச்சிட்டிருந்தேன்."

"வெளிய போய் அடிங்க," என்றார் அவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

போய் அடித்தோம், வாசற்படியில் நின்று, ஆள் மாற்றி ஆள். பிறகு அண்ணி அண்ணனுக்கு போன் போட்டாள். "ஏங்க, கடையைத் தொறங்க! வந்துட்டே இருக்கோம்."