மஞ்சள் துணியில் முடிந்த நன்றி

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷமாகவே தயங்கிக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். ஓசியில் வாங்கிக்கொண்டு நியாயம் வேறு பேசுகிறாளே என்று யாராவது நினைப்பார்களோ என்ற கூச்சமும் இருந்தது. அம்மன் மேல் பாரத்தைப் போட்டு இப்போது எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் எங்கள் ஊர் தங்கச் சுரங்கத்தில் டிரில் மிஷின் பிடித்தவர். அந்தச் சத்தம் அவர் காதைக் கொஞ்சங்கொஞ்சமாகத் தின்றது. சுரங்கத்தை மூடிய பிறகு மிச்சமும் போனது. காதில் மிஷின் வைத்தாலும் பலனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கத்திக் கத்திப் பேசினேன், அப்புறம் கையால் காட்டினேன், அப்புறம் அதுவும் குறைந்துபோனது.

மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறவன் என் மகன். அவன்தான் அவர் போனில் ஒரு சாப்ட்வேர் போட்டுக்கொடுத்தான். நாம் பேசினால் அது தமிழில் எழுதிக் காட்டும். காசு கிடையாது. நான் முதலில் கேட்டது, "ரசத்துல உப்பு போதுமா?" படித்துவிட்டு அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கம்மி. ரொம்ப நாளாவே கம்மி," என்றார்.

அன்றைக்கே மஞ்சள் துணியில் நூறு ரூபாய் முடிந்து சாமி படத்தடியில் வைத்தேன்.

கொஞ்ச நாள் கழித்து, விருப்பமிருந்தால் நன்கொடை தாருங்கள் என்று அந்த சாப்ட்வேரே கேட்டது. காசில்லாமல் தவிக்கிறார்களோ என்று நினைத்தேன். எங்கள் ஊரில் கம்பெனி என்றால் சுரங்கம்தான். வீடு, கரண்டு, ஆஸ்பத்திரி எல்லாம் கொடுத்தது. ஒரு நாள் மூடிவிட்டுப் போனது. இதுவும் நின்றுவிட்டால்?

முடிச்சை மகனிடம் நீட்டினேன். "இத அவங்களுக்கு அனுப்புடா."

"அவங்க லாபத்துல ஓடுற கம்பெனிம்மா. பெரிய ஆபீசுங்களுக்கு வித்து சம்பாதிக்கிறாங்க. உன் நூறு ரூபா இன்னாத்துக்கு?"

"ஏழுமலையான் மட்டும் இன்னா ஏழையா? உண்டியல்ல போடலியா?"

"ஏழுமலையான் கடைய மூட மாட்டாரு. இவங்க மூடணும்னா உன் நூறு ரூபாயா தடுக்கப்போவுது? நைனாகிட்ட சொல்லாத, சிரிப்பாரு."

கட்டிலில் இருந்த என் வீட்டுக்காரர் அப்போதே சிரித்துக்கொண்டிருந்தார். மடியிலிருந்த போன் நாங்கள் பேசியதை எல்லாம் எழுதியிருக்கிறது.

"ஒரு கம்பெனியில காதையே வுட்டுட்டு வந்தேன்," என்றார். "மூடும்போது நம்மள கேட்டா மூடுனாங்க? லாபத்துல இருக்கிறவனுக்கு நம்ம காசு வேணாம். நன்றி சொல்லு, அது போதும்."

"இது நின்னுட்டா நான் எப்படிங்க உங்ககிட்ட பேசுவேன்?"

போனைப் படித்தார். பிறகு அதைக் கவிழ்த்து வைத்தார்.

"இப்ப சொல்லு. மெதுவா. உன் வாயப் பாக்கறேன்."

"உப்பு போதுமா?" என்றேன்.

உற்றுப் பார்த்தார். "இன்னொரு தரம்," என்றார். மறுபடி சொன்னேன்.

"இப்பல்லாம் போதும்," என்றார்.

என் நன்றியைப் போனிடமே சொன்னேன். அது எழுதியதை மகன் அந்தக் கம்பெனிக்கு அனுப்பினான். முடிச்சை நானாகவே மாரியம்மன் உண்டியலில் போட்டேன். இப்போதும் அந்த சாப்ட்வேர் ஓடுகிறது. ஆனாலும் விளக்கேற்றியதும் கொஞ்ச நேரம் போன் கவிழ்ந்தேதான் கிடக்கும். அவர் என் வாயைப் பார்ப்பார், பாதி தப்பாகச் சொல்வார், நான் சிரிப்பேன்.

காசு கொடுக்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அது அவரவர் மனசு. படிக்கிற நீங்கள் இதை நாலு பேருக்குச் சொன்னால், நான் கணக்குப் பார்த்தேன் என்றோ அவர் அதட்டித் தடுத்தார் என்றோ சேர்க்க வேண்டாம். நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள், அம்மன் உங்களுக்குத் துணையிருப்பாள்.