ஒரு கேள்வி அதிகம்

"பதினாலாம் நம்பர், நரசிம்மன், நரசிம்மன், நரசிம்மன்."

மூன்று தரம் கூப்பிட்டாகிவிட்டது. ஆள் எழுந்து நிற்கவில்லை. "எக்ஸ்பார்ட்டி, ஆள் ஆஜரில்லை" என்று சொல்லி, வருகைப் பதிவேட்டில் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த பேருக்குப் போய்விட்டார் தணிகாசலம். இரண்டு நிமிஷம் கழித்து மூச்சு வாங்க மாடியேறி வந்த நரசிம்மனை உள்ளே விடவில்லை. வாசலிலேயே நின்று 'தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு' எழுதித் தர வேண்டும். சைக்கிள் பஞ்சர் என்று அவன் எழுதிக் கொடுத்தான். எந்தச் சக்கரம் என்று குறிப்பிடவில்லை என்று மனு திரும்பி வந்தது. "முன் சக்கரம்" என்று சேர்த்துக் கொடுத்த பிறகுதான் பெஞ்சில் உட்கார முடிந்தது.

தணிகாசலம் பகலில் ஸ்ரீபெரும்புதூர் முன்சீப் கோர்ட்டில் வக்கீல். மாலை ஆறு மணிக்கு, பஸ் நிலையத்துக்குப் பின்னால் அரிசி மண்டியின் மாடியில் நடந்த மாலைக் கல்லூரியில் சட்ட ஆசிரியர். எழுபத்தாறாம் வருஷத்தில் அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. வகுப்புக்குப் பதினோரு வயது. வக்கீல் குமாஸ்தா ஆக நினைப்பவர்கள், பத்திரம் எழுதிப் பிழைப்பவர்கள், ஷிப்ட் முடித்து எண்ணெய் வாசனையோடு வரும் தொழிற்சாலை ஆட்கள் என்று முப்பது பேர் அவரிடம் படித்தார்கள். பிராது எழுதுவது, நோட்டீஸ் எழுதுவது, கோர்ட்டில் கேஸ் கட்டு தேடுவது, சாட்சியைத் தயார் செய்வது எல்லாம் பாடம். பகல் முழுக்கக் கத்திவிட்டு மாலையிலும் எதற்கு இந்தப் பாடு என்று யாராவது கேட்டால், "கோர்ட்ல நான் பேசினா முன்சீப் நிறுத்திடறாரு. இங்க நிறுத்தறதுக்கு யாரு இருக்காங்க?" என்பார்.

நிறுத்த ஆளில்லாத இன்னொரு இடம் பஸ். சில்லறை இல்லை என்று சொன்ன கண்டக்டரை ஸ்ரீபெரும்புதூரில் ஆரம்பித்து மண்ணூர் கூட்டுரோடு வரை குறுக்கு விசாரணை செய்து, பையில் சில்லறை இருந்ததை ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறார். வீட்டில் மட்டும் ஜம்பம் பலிக்காது. மனைவி அம்சவல்லி இருபத்தைந்து வருஷ அனுபவத்தில் எந்தக் கேள்விக்கும் "ஞாபகம் இல்லை" என்று ஒரே பதில் வைத்திருந்தாள். அதற்கு மேல் எந்த வக்கீலாலும் ஒன்றும் செய்ய முடியாது.

அந்த வருஷம் வகுப்பில் கனகம் என்று ஒரு பெண் சேர்ந்தாள். மண்ணூர்க்காரி, இருபத்திமூன்று வயது, டைப்பில் ஹையர் பாஸ். முப்பது பேரில் அவள் ஒருத்திதான் பெண். முன் பெஞ்சில் உட்கார்ந்து, அவர் தும்மினால்கூட எழுதிக்கொள்வாள் என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். வகுப்பு தொடங்கிய மூன்றாம் மாதமே அவருடைய ஆபீசில் குமாஸ்தா வேலை கிடைக்குமா என்று கேட்டாள். தணிகாசலத்துக்குக் கொடுக்க ஆசைதான். ஆனால் அவருடைய மூத்த குமாஸ்தா எல்லப்பன் குறுக்கே விழுந்தான். "கேஸ் கட்டைத் தூக்கிகினு கோர்ட்டு கோர்ட்டா அலையற வேலை சார். பொம்பளைக்கு இன்னாத்துக்கு இது?" என்றான். எல்லப்பனைப் பகைத்துக்கொண்டால் எந்தக் கட்டு எங்கே இருக்கிறதென்று தெரியாது. வக்கீல் கனகத்துக்கு ஒரு மாதம் வாய்தா கொடுத்தார். அப்புறம் இன்னொரு மாதம்.

சாட்சி பாடத்தை அவர் நான்கு மாலைகள் நடத்துவார். சாட்சி முன்சீப்பைப் பார்த்துத்தான் பேச வேண்டும். கேட்டதற்கு மட்டும் பதில். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் குடி முழுகிவிடாது. வக்கீலுக்கும் ஒரு விதி உண்டு: பதில் தெரியாத கேள்வியைக் கேட்கக் கூடாது, நல்ல பதில் கிடைத்ததும் உட்கார்ந்துவிட வேண்டும். "ஒரு கேள்வி அதிகமா கேட்டுத்தான் பாதி வக்கீல் அழிஞ்சான்" என்று மேஜையைத் தட்டுவார்.

மாசி மாதம் பாப்பம்மாள் வழக்கு விசாரணைக்கு வந்தது. மண்ணூரில் பாப்பம்மாளும் இன்னும் ஏழெட்டுக் குடும்பங்களும் வண்டி ஓட்டிப் போகும் வழியில் கோதண்டம் முள்வேலி போட்டுவிட்டார். அறுத்த நெல்லை வீடு சேர்க்க அவர்களுக்கு வேறு வழியில்லை. கோதண்டம் தணிகாசலத்தின் பெரிய கட்சிக்காரர். வல்லம் வடகால் வரை நிலமும், அதற்கேற்ற வழக்குகளும் உள்ளவர். அங்கே வழியே கிடையாது, அது தன் சொந்தக் கொல்லை என்று அவர் சொன்னதை நம்பி, அப்படியே பதில் எழுதித் தாக்கல் செய்திருந்தார் தணிகாசலம்.

பாப்பம்மாள் தரப்பில் இரண்டாம் சாட்சியாகக் கனகத்தின் பேரைக் கோர்ட்டு டவாலி கூப்பிட்டான். சாட்சிப் பட்டியலில் அந்தப் பேரைத் தணிகாசலம் பார்த்ததுதான். ஊருக்கு ஒன்பது கனகம் இருப்பார்கள் என்று விட்டுவிட்டார். கூண்டில் ஏறி நின்றவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. முன்சீப்பைப் பார்த்தபடி, அவர் சொல்லிக்கொடுத்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு, அங்கே வண்டி போகும் வழி உண்டு என்றாள். தணிகாசலம் கேஸ் கட்டைப் பிரித்து, மறுபடி கட்டினார். பயமா பெருமையா என்று அவருக்கே தெரியவில்லை.

குறுக்கு விசாரணைக்கு எழுந்து, அந்த வழி எத்தனை அடி அகலம் என்று கேட்டார்.

"அளந்து பார்த்ததில்லைங்க."

பொன்னான பதில். அதோடு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் அவருக்கு நாக்கு அரித்தது. "அளக்காமலே வண்டி போகும்னு எப்படிச் சொல்றே?"

"முந்தா வருஷம் ஐப்பசியில பிரதிவாதி வூட்டுக் கல்யாணத்துக்கு ஒரு கூண்டு வண்டி அந்த வழியாத்தான் வந்துது. நான் பார்த்தேன்."

"ஊர்ல ஆயிரம் வண்டி ஓடுது. அது கல்யாணத்துக்கு வந்த வண்டின்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அதுல சார்தான் குந்திகினு இருந்தாரு. எறங்கசொல்ல சேத்துல அவரு செருப்பு மாட்டிகிச்சு. நான்தான் புடுங்கிக் குடுத்தேன்."

கோர்ட்டு முழுக்கச் சிரித்தது. டவாலி "சைலன்ஸ்" என்று சொல்ல வாயைத் திறந்து, சிரிப்பு வந்து மூடிக்கொண்டான்.

தணிகாசலத்துக்கு அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. மழை, கூண்டுக்குள் வைக்கோல் வாசனை, பக்கத்தில் இருந்த விருந்தாளிக்குக் காலாவதிச் சட்டத்தை வழி நெடுக விளக்கிக்கொண்டே வந்தது, எந்த வழியாக வண்டி போகிறதென்று எட்டிக்கூடப் பார்க்காதது. சேற்றில் சிக்கிய இடது கால் செருப்பை ஒரு பெண் எடுத்துக் கொடுத்தாள். முகம் பார்க்காமல் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

குறுக்கு விசாரணையின் முடிவில் எந்த வக்கீலும் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்: நீ சொல்வது பொய். சொல்லாவிட்டால் சாட்சியின் பேச்சு அப்படியே நிற்கும். கோதண்டம் பின்னாலிருந்து கையைப் பிடித்து இழுத்து, "பொய்னு சொல்லுங்க சார், சொல்லுங்க" என்று முணுமுணுத்தார். முன்சீப்பும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தார். தணிகாசலம் கையை விடுவித்துக்கொண்டு, "குறுக்கு விசாரணை முடிந்தது" என்று சொல்லி உட்கார்ந்தார்.

வழி பாப்பம்மாளுக்குத் திறந்தது. தீர்ப்பு வரும் வரைகூடக் கோதண்டம் காத்திருக்கவில்லை. மறுநாளே ஆளோடு வந்து தன் கட்டுகளையெல்லாம் வேறு வக்கீலிடம் கொண்டுபோய்விட்டார். வாத்தியாரையே சந்தி சிரிக்க வைத்தவள் என்று மண்ணூரில் சிலர் கனகத்தைப் பேசினார்கள். அவள் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அவள் பேரை மூன்று தரம் கூப்பிடும்போது மட்டும் தணிகாசலம் எக்ஸ்பார்ட்டி என்று சொல்லாமல் அடுத்த பேருக்குப் போனார்.

ஒரு வாரம் பொறுத்தார். பிறகு பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். தாங்கள் மேற்படி வகுப்புக்கு ஏழு நாட்களாக வரவில்லை. இது கண்ட மூன்று தினங்களுக்குள் ஆஜராகத் தவறினால், கேள்வி கேட்க ஆளில்லாமல் எங்கள் கட்சிக்காரருக்கு ஏற்படும் மன உளைச்சலுக்குத் தாங்களே பொறுப்பு. கட்சிக்காரர் பேர்: தணிகாசலம்.

மூன்றாம் நாள் காலை கனகம் பதில் நோட்டீசைக் கையிலேயே எடுத்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். அவர் அங்கேயே பிரித்துப் படித்தார். இதில் ஒப்புக்கொள்ளப்பட்டவை தவிர மற்றவை மறுக்கப்படுகின்றன; வராதது உண்மை; காரணம் பயம்; ஏழு நாள் என்பது தவறு, நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பே கிடையாது; ஆகவே நோட்டீஸ் செல்லாது.

தணிகாசலம் காலண்டரைப் பார்த்தார். நடுவில் ஞாயிறு இருந்ததுதான். எல்லப்பனைக் கூப்பிட்டு, ஏழு நாள் என்று போட்டுத் தன் நோட்டீசைத் தயார் செய்தது யார் என்று கேட்டார்.

"நான்தான் சார்" என்றான் எல்லப்பன். குரல் இறங்கியிருந்தது.

அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. கோதண்டம் வந்தால் மட்டும் உட்காருகிற, கை வைத்த தேக்கு நாற்காலி ஜன்னலோரம் சும்மா கிடந்தது. எல்லப்பன் ஓடி வருவதற்குள் தானே அதைத் தூக்கி வந்து, டைப்ரைட்டர் முன்னால் போட்டு, மேல்துண்டால் ஒரு தரம் தட்டினார்.