எக்ஸ்ரேக்குப் போன எங்கள் அம்மன்

சென்ற தை மாதம் எங்கள் குலதெய்வச் சிலையை எக்ஸ்ரே எடுக்க ஹைதராபாத் போய் வந்தோம். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. அறந்தாங்கிப் பக்கம் எங்கள் பங்காளிகள் தலைமுறை தலைமுறையாகக் கும்பிடும் ஒன்றரை அடி வெண்கல அம்மன் அவள். பூசாரி முத்தையா அண்ணன் ஏதோ புதுப் பொடி போட்டு விளக்கியதில் கறுப்பெல்லாம் போய்ப் பளபளவென்று ஆகிவிட்டாள். "இது நம்ம அம்மனே இல்ல, மாத்திப்புட்டான்" என்று பெரியப்பா கோயில் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். வாழ்நாளெல்லாம் பூசை செய்தவர், திருடன் என்ற பேரோடு ஊருக்குள் எப்படி நடப்பார்?

தாத்தா காலத்தில் அம்மனின் வலக்கை ஒடிந்து, உள்ளே இரும்பு ஆணி வைத்துச் சேர்த்திருந்தார்கள். ஆணி இருந்தால் அவள்தான். "படம் புடிச்சுப் பாத்துருங்க தம்பி" என்று கேட்டதே முத்தையா அண்ணன்தான்.

என் மச்சினன் கார்த்தி ஹைதராபாத் காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன். அங்கே நாச்சாரத்தில் இயந்திர உருப்படிகளுக்குள் விரிசல் இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் ஓர் இடத்தில் சொல்லி வைத்திருந்தான். சென்னையில் மாலை ரயில், மூன்றாம் வகுப்பு ஏசி, ஆளுக்கு ஆயிரத்துச் சொச்சம். முத்தையா அண்ணன் அம்மனை மடியை விட்டு இறக்கவே இல்லை. காலையில் செகந்திராபாத்தில் இறங்கி, எட்டுக் கிலோமீட்டருக்கு ஆட்டோவில் இருநூற்றைம்பது ரூபாய் கொடுத்தோம். கொஞ்சம் அதிகம்தான்.

படம் எடுக்கும் ரமேஷ், துணியைக் கழற்றச் சொன்னார். முத்தையா அண்ணன் சிலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"வெறும் மேனியா அவளப் பாக்கப்படாது. நானே திரை போட்டுத்தான் சேல மாத்துவேன்."

கார்த்தி தெலுங்கில் பேசிவிட்டு வந்தான். "டென்ஷன் நக்கோ, வேணாம் பூசாரி. சேலையோடயே எடுத்துடலாமாம். ஜரிகை மட்டும் இருக்கக் கூடாதாம்."

தன் துண்டைத் திரையாகப் பிடிக்கச் சொல்லி, முத்தையா அண்ணன் பட்டுச் சேலையை எடுத்துவிட்டு வெறும் பருத்திச் சேலை கட்டினார். ரமேஷ் செருப்பைக் கழற்றிவிட்டு அம்மனை வாங்கி உள்ளே கொண்டுபோனார். எனக்கு அப்போது அந்த மனிதர் மேல் பெரிய மரியாதை வந்தது.

கம்ப்யூட்டரில் படம் வந்தது. வலக்கைக்குள் கோடாக ஆணி. "அண்ணே, இருக்கு! நம்ம அம்மன்தான்!" என்று கத்திவிட்டேன், கண்ணில் தண்ணீர். பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். ஆணி இருப்பதைச் சொன்னேன். "சரி, சாவிய வந்து வாங்கிக்கச் சொல்லு" என்றார். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை அந்த மனுஷனுக்கு!

முத்தையா அண்ணன் ஆணியைப் பார்க்கவே இல்லை. அவர் பார்த்தது முகம் இருந்த இடத்தை. படத்தில் சேலை இல்லை, கண் இல்லை, மூக்கில்லை. புள்ளி புள்ளியாக ஒரு சாம்பல் உருண்டை. கும்பிடக் கையைத் தூக்கியவர், கீழே போட்டுவிட்டார்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். சிலை உங்களுடையது என்பதற்கான காகிதங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ரயில்வே ஸ்டேஷனில் கேட்பார்கள். நாச்சாரத்தில் மதியம் போனால் காத்துக்கிடக்க வேண்டும், காலையிலேயே போய்விடுங்கள். படத்தை நீங்கள் மட்டும் பாருங்கள். பூசாரிக்குக் காட்டாதீர்கள், தயவுசெய்து.

ஊர் திரும்பியதும் பெரியப்பாவிடம் சாவியை வாங்கிக்கொண்டுபோய் நீட்டினேன். முத்தையா அண்ணன் கை நீட்டவில்லை.

"கண்ண மூடி அவ மொகத்த மனசுல கொண்டாந்துதான் தம்பி பூசையே ஆரம்பிக்கணும். இப்ப மூடுனா அந்தப் படந்தான் வருது. வேற ஆளப் பாருங்க."