எழுப்புதல் கூட்டமும் கண்ணாடி அறையும்

சபை அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். எழுப்புதல் கூட்டத்தின் கடைசி நாள் மாலை, ரூபி அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக என் மேசைக்கு வந்தார். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைப்பவர். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம்.

"சிஸ்டர், நாளைக்குப் புள்ளைக்கு ஆப்பரேஷன்லா. பாஸ்டர் தலையில கை வச்சு ஜெபிச்சாப் போதும். எப்பம் முன்னால போகணும்?"

முன்னால் போவதையே அந்த வருடம் எடுத்துவிட்டார்கள்.

முன்பு மைதானத்தில் பந்தல் போட்டு நடக்கும் ஜெபக் கூட்டம் அது. கடைசி நாள் ஜனங்கள் மேடைக்கு முன்னால் போய் முழங்காலிடுவார்கள். பனியன் கம்பெனிகளில் ஷிப்மென்ட் நேரத்தில் பாதிப் பேருக்கு லீவு கிடைப்பதில்லை என்று அரங்கத்துக்குள் கொண்டுவந்து நேரலையாக்கினார்கள். அதில் எனக்குக் குறையில்லை. ஷிப்டில் இருப்பவர் செல்போனிலாவது கேட்கட்டும். ஆனால் ஜெப விண்ணப்பத்தையும் லிங்கில்தான் போட வேண்டுமாம். அதைத் திரையில் ஓடவிடுவது என் வேலை. கைக்குழந்தைக்காரர்களுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அறை. அழுகைச் சத்தம் நேரலையில் விழக்கூடாதாம். என் மகனும் பக்கத்து வீட்டு அக்காவோடு அங்கேதான் இருந்தான்.

சபைச் செயலரிடம் போய்க் கேட்டேன்.

"ஏங்கண்ணு, நேரலை ஓடறப்போ மேடையில கூட்டம் சேர்க்க முடியுமா? லிங்க்ல போடச் சொல்லு. துபாய்ல இருந்தெல்லாம் பாக்கறாங்க."

"புள்ளை இங்கதானுங்க இருக்குது."

"அதான் திரையில பேரு வருதில்ல?"

மேசைக்குத் திரும்பினேன். அக்காவின் விண்ணப்பத்தை லேப்டாப்பில் தட்டினேன். பெயர் ஓடியது. அதன் பின்னாலேயே யாருடைய வீட்டு லோனோ ஓடியது. அக்கா திரையைப் பார்க்கவே இல்லை. குழந்தை சிணுங்கியதும் ஒரு வாலண்டியர் அவருக்குக் கண்ணாடி அறையைக் கை காட்டினார்.

அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. வேலை போய்விடுமோ என்று யோசித்துக்கொண்டேதான் லேப்டாப்பை அந்த வாலண்டியரிடம் தள்ளிவிட்டு அக்காவின் பின்னால் போனேன்.

"பாஸ்டர் இங்க வருவாங்களா?" என்றார் அக்கா.

"வரமாட்டாங்கக்கா. நாம ஜெபிக்கலாமா?"

அப்படிச் செய்யலாமா என்று எனக்கே தெரியவில்லை. சேவூரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாதான் முதலில் குழந்தையின் தலையில் கை வைத்தார். "எல்லாரும் வாங்க கண்ணு. வாய்விட்டு ஜெபிங்க, இங்க மைக்கு இல்லை" என்றார். அத்தனை தாய்மாரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபித்தோம். குழந்தைகள் வீறிட்டன. யாரும் அடக்கவில்லை. வெளியே திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. அது எங்கள் ஜெபத்தால்தான் என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. ஆனால் முந்தின நாள் அக்கா தனியாக வீட்டுக்குப் போகவில்லை, நாங்களும் கூடப் போனோம். அது நிச்சயம்.

விஷயம் கமிட்டிக்குப் போனது. திட்டு விழும் என்று நினைத்துத்தான் போய் நின்றேன். செயலர் முகமெல்லாம் மலர்ந்து, "அருமையான ஐடியாங்க! அடுத்த வருசம் அந்த ரூமுக்கும் ஒரு கேமரா போட்டறலாம்" என்றார்.

"போட்டீங்கன்னா அங்க யாரும் மனசுவிட்டு அழ மாட்டாங்க சார்" என்றேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன்.

சபை அலுவலகத்துக்குப் புதிதாக வரும் தங்கைகளே, கூட்டம் எந்த வடிவத்திலும் நடக்கட்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி உங்கள் மேசைக்கு வந்து நின்றால் லிங்கைக் கொடுத்து அனுப்பாதீர்கள். எழுந்து அவள்கூடப் போங்கள்.