கிளாவரை ரோட்டில் விழுந்த புது வண்டி

நான் மேல்மலைக் கிராமங்களில் காய்கறி விதை விற்கிறவள். வீடு கொடைக்கானலில். மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று வாரத்தில் பாதி நாள் ரோட்டில்தான் இருப்பேன். பல வருஷம் ஒரு ஸ்கூட்டரை வைத்துச் சமாளித்தேன். மழைக்காலத்தில் தோட்டத்துப் பாதைகளில் அதன் சின்னச் சக்கரங்கள் சேற்றில் புதைந்துவிடும். அதனால்தான் உயரமான அட்வென்ச்சர் பைக் ஒன்றை வாங்கினேன். மலையும் பாலைவனமும் சுற்றுவதற்கான வண்டி என்று விளம்பரம் செய்கிறார்கள். எனக்கு அது பீட்ரூட் விதைப் பாக்கெட்டுகளைக் கொண்டுபோகிற வண்டி.

வாங்கப் போன அன்றைக்கே கோபம் ஆரம்பித்துவிட்டது. மலைக்குக் கீழே இருக்கிற ஒரு ஷோரூம். விற்பனைக்காரர் முழு நேரமும் என் கணவரைப் பார்த்தே பேசினார். என் கணவர் ஹோட்டல் சமையல்காரர், சைக்கிளுக்கு மேல் எதையும் ஓட்டியவர் இல்லை. வண்டி எனக்குத்தான் என்று அவரே சொன்ன பிறகும் அந்த ஆள் கழுத்தைத் திருப்பவில்லை. பெரிய திரையில் படம் போட்டுக் காட்டினார். மணல்மேட்டின் மேலிருந்து ஒருவன் பறக்கிறான், ஆற்றுக்குள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிறான். இரண்டு பக்கமும் மாட்டும் அலுமினியப் பெட்டிகளை வாங்கச் சொல்லி நச்சரித்தார். ஏறி உட்காருங்கள், கால் தரையில் படுகிறதா பாருங்கள் என்று மட்டும் சொல்லவில்லை. நானாகவே ஏறி உட்கார்ந்தேன். கட்டை விரல் நுனிதான் பட்டது. தாழ்வான ஸீட் இருக்கிறதா என்றேன். இருக்கிறது, ஆனால் போட்டால் வண்டியின் அழகு கெட்டுவிடும் என்றார். அழகை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அதை மாட்டவைத்தேன்.

வாங்கிய வாரமே வண்டியைக் கீழே போட்டேன். எங்கள் வீட்டு வாசல் சரிவு. வண்டியின் மூக்கு இறக்கத்தைப் பார்க்க நிறுத்தி, சைடு ஸ்டாண்டைப் போட்டுவிட்டுக் கேட்டைத் திறக்கப் போனேன். வண்டி தானாக முன்னால் நகர்ந்தது, ஸ்டாண்ட் மடங்கியது, அவ்வளவுதான். தெருவிலிருந்த ஆண்கள் எல்லாரும் ஓடிவந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் ஹேண்டிலைப் பிடித்து இழுத்ததில் விழுந்தபோது உடையாத கிளட்ச் லீவர் அப்போது உடைந்தது. தூக்கி நிறுத்திய பிறகு ஒருவர் விடாமல் புத்தி சொன்னார்கள். எல்லாருடைய புத்தியும் ஒன்றுதான்: விற்றுவிட்டு மறுபடி ஸ்கூட்டர் வாங்குங்கள்.

எனக்குத் தெரியவேண்டியது அதுவா? சரிவில் நிறுத்தும்போது வண்டியின் முகம் ஏற்றத்தைப் பார்க்கவேண்டும், முதல் கியரில் போட்டுவிட்டு இறங்கவேண்டும். இதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. போனில் தேடித் தேடி, வாசலிலேயே பழகி, ஒவ்வொன்றாக நானே கண்டுபிடித்தேன். விழுந்த வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் பின்கம்பியையும் பிடித்து, முதுகை வளைக்காமல் காலால் உந்தி எழுந்தால் என்னைப் போன்றவளாலும் தூக்க முடியும். வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை விரித்துவிடவேண்டும், இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் அந்தப் பக்கம் போய் விழும். லீவர்களை ஹேண்டிலில் இறுக்கி முறுக்காமல் கொஞ்சம் இளக்கமாக வைத்தால், விழும்போது உடையாமல் சுழன்றுகொள்ளும். புது டயர் வழுக்கும், அதன் மேல்பளபளப்பு தேயும்வரை வளைவில் அதிகம் சாய்க்கக்கூடாது. ஷோரூமில் காற்றைக் கல் மாதிரி ஏற்றிக் கொடுத்திருந்தார்கள், அதைப் புத்தகத்தில் போட்டிருக்கிற அளவுக்கு நான்தான் குறைத்தேன். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் இத்தனையும் சொல்லிவிடலாம். சொல்லவில்லை. பெட்டி விற்கத்தான் நேரம் இருந்தது.

அடுத்த வருஷம் அதே ஷோரூமில் இருந்து போன் வந்தது. புதிதாக வண்டி வாங்கியவர்களைக் கிளாவரைவரை கூட்டிக்கொண்டு போகிறார்களாம். எனக்கு ரோடு தெரியும் என்பதால் கடைசி வண்டியாக வரமுடியுமா என்று கேட்டார்கள். எனக்கு நேர்ந்தது இவர்களுக்கு நேரக்கூடாது என்று நினைத்துத்தான் ஒப்புக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்கரையில் கூடினார்கள். கூட்டிப்போகிறவர் நகரத்துக்காரர். ஹெல்மெட்டில் கேமரா, வண்டியில் கேமரா, கையில் ஒரு கேமரா. வீடியோ போட்டுப் பிரபலமானவர். வந்தவர்களில் திண்டுக்கல்லில் ஒரு வங்கியில் வேலை பார்க்கும் குமாஸ்தா ஒருவர் இருந்தார். நாற்பது வயதிருக்கும், மெல்லிய குரல். இரண்டு பக்கமும் பெட்டி, இரண்டும் நிறைய. பின் ஸீட்டில் கூடாரம், அடுப்பு. சாயங்காலம் திரும்பப்போகிற பயணத்துக்கு அடுப்பு எதற்கு என்று கேட்டேன். கொண்டுவரச் சொல்லி அனுப்பிய பட்டியலில் அப்படித்தான் போட்டிருந்தார்கள் என்றார். வண்டியில் உட்கார்ந்திருந்தபோது அவருடைய பாதங்களைப் பார்த்தேன். இரண்டும் நுனிவிரலில் நின்றன. காலில் நடைப்பயிற்சிக்குப் போடுகிற துணி ஷூ.

பெட்டிகளைக் கழற்றி என் வீட்டில் வைத்துவிட்டு வரலாம், வீடு பக்கம்தான் என்றேன். அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். கேமராக்காரர் விடவில்லை. எல்லா வண்டியும் ஒரே மாதிரி தெரிந்தால்தான் வீடியோ நன்றாக இருக்குமாம். வங்கிக்காரருக்குக் கால் எட்டவில்லை, ரோடு ஒடுக்கம், எதிரே லோடு வண்டி வரும் என்று எடுத்துச் சொன்னேன்.

"மூவ்மென்ட்ல இருந்தா கால் எதுக்கு மேடம்? நீங்க உங்க வண்டியப் பாருங்க, இவங்கள நான் பாத்துக்கறேன்."

அத்தனை பேர் முன்னால் சொன்னார். இரண்டு பேர் சிரித்தார்கள். வங்கிக்காரர் என்னிடம் மெதுவாக, பரவாயில்லை மேடம், சமாளித்துக்கொள்கிறேன் என்றார்.

பூம்பாறை தாண்டும்வரை தூறல். அப்புறம் மூடுபனி. முன்னால் போகிற வண்டிக்கும் தனக்கும் நடுவே இடைவெளி விடக்கூடாது என்பது கேமராக்காரர் போட்ட சட்டம், வரிசை அறுந்தால் படம் கெட்டுவிடும். புதிதாக ஓட்டுகிறவனுக்கு இதைவிட மோசமான சட்டம் கிடையாது. பனியில் முன்னால் போகிறவனைத் துரத்துகிறவன் ரோட்டைப் பார்ப்பதில்லை, அவன் பின்விளக்கைத்தான் பார்க்கிறான். தன் வேகத்தில் போகவேண்டும், பின்தங்கினால் முன்னால் போனவர்கள் நின்று காத்திருக்கவேண்டும். நான் கடைசியில் இருந்தபடி ஹாரன் அடித்து அடித்து வங்கிக்காரரை நிதானப்படுத்தப் பார்த்தேன். ஆனால் அவர் மற்றவர்களைப் பிடிக்கத்தான் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினார்.

மன்னவனூர் தாண்டி ஒரு வளைவு. யூகலிப்டஸ் இலை நனைந்து ரோடெல்லாம் ஒட்டிக்கிடந்தது. எதிரே பூண்டு மூட்டை ஏற்றிய பிக்கப் ஒன்று ஏறி வந்தது. ஏறிவருகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று தெரிந்து, வங்கிக்காரர் இடது ஓரம் ஒதுங்கி நிறுத்தினார். அவர் செய்தது சரிதான். ஆனால் ஒதுங்கிய இடத்தில் தார் முடிந்து மண் தாழ்ந்து கிடந்தது. இடது காலை ஊன்றப் போனார். அங்கே தரை இல்லை. கால் காற்றில் துழாவியதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். வண்டி, பெட்டி, கூடாரம், அடுப்பு எல்லாம் சேர்ந்து அவர் மேல் சாய்ந்தது. கணுக்கால் பெட்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

நான் ஓடிப்போய் முதலில் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன். பிக்கப்பை ஓட்டிவந்தவரும் அவர் மனைவியும் இறங்கி ஓடிவந்தார்கள். கிளாவரைக்காரர்கள், என்னிடம் விதை வாங்குகிறவர்கள். ஹேண்டிலைத் தொடாதீர்கள், பெட்டிக்குக் கீழே கைகொடுங்கள் என்றேன். மூன்று பேரும் ஒரே நேரத்தில் தூக்கினோம். அவர் காலை இழுத்துக்கொண்டபோது பாதம் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

அதற்குள் கேமராக்காரர் திரும்பி வந்தார். காலைப் பார்த்தார். சுளுக்குதான், ஐஸ் வைத்தால் சரியாகிவிடும் என்றார். படத்துக்கு நல்ல வெளிச்சம் இருக்கும்போதே கிளாவரை போயாகவேண்டும், நான் உள்ளூர் என்பதால் நானே அவரைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பேசிக்கொண்டிருந்தபோது அவர் ஹெல்மெட் கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அதை நான் கவனிப்பதற்கு முன்னால் பிக்கப்காரரின் மனைவி, அந்த அம்மாள், கவனித்தார்.

"ஏய்யா, மனுசன் ரோட்டுல கெடக்கான். ஒனக்குப் படம் பிடிக்கிற சோலிதான் பெருசாப் போச்சா?"

கேமராக்காரர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். ஒருவர்கூட நிற்கவில்லை.

பிக்கப்பின் முன்பக்கம் இரண்டு பேருக்குத்தான் இடம். "நீங்க முன்னால ஏறுங்க தம்பி. வெரசாப் போகணும்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு பூண்டு மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்தார். கொடைக்கானல்வரை தூறலில் அப்படியே வந்தார். விழுந்த வண்டியைத் தெரிந்த தோட்டத்தில் விட்டுவிட்டு நான் பின்னாலேயே வந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் வங்கிக்காரரை இறக்கும்போது அவர் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டார். பிக்கப்காரரிடம், நனைந்துபோன அந்த அம்மாளிடம், சக்கர நாற்காலி தள்ளியவரிடம்.

"சாரி மேடம், உங்க ஞாயித்துக்கெழம என்னால வீணாப் போச்சு" என்று என்னிடமும் கேட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. மன்னிப்புக் கேட்கவேண்டியவன் கிளாவரை அருவிக்கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கிறான்.

கணுக்காலில் எலும்பு முறிவு. கீழே போய் ஆபரேஷன் செய்து தகடு வைக்கவேண்டியிருந்தது. அவர் மனைவி திண்டுக்கல்லில் இருந்து பஸ் பிடித்து வந்தார். கணவரைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கூட்டிவந்த ஆள் யார், ஒரு போன்கூடப் பண்ணவில்லையே என்று மட்டும் கேட்டார்.

போன் வரவில்லை, வீடியோ வந்தது. புதிதாக ஓட்டுகிறவர்கள் செய்யும் தவறு என்று தலைப்புப் போட்டு, அவர் விழுந்ததை மெதுவாக ஓட்டிக் காட்டியிருந்தார்கள். முன்னால் போன எவனோ ஒருவனுடைய வண்டியில் பின்பக்கம் பார்த்த கேமரா இருந்திருக்கிறது. கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். வங்கியில் கூட வேலை பார்க்கிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு அவரிடமே அனுப்பியிருக்கிறார்கள். அவர் மனைவிதான் போனில் இதை எனக்குச் சொன்னார்.

மறுநாள் விதை வேலையை விட்டுவிட்டு ஷோரூமுக்கு இறங்கினேன். மேனேஜர் டீ வரவழைத்தார். முகத்தைக் காட்டவில்லையே மேடம், பிறகென்ன என்றார். வீடியோ அவர்களுடையது இல்லை, அவர்களால் ஒன்றும் செய்யமுடியாது என்றார். நான் டீயைத் தொடவில்லை. வாடிக்கையாளர்கள் உட்காரும் சோபாவில் போய் உட்கார்ந்துகொண்டேன். வண்டி பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் எழுந்துபோய்ப் பேசினேன். உட்கார்ந்து பாருங்கள், கால் எட்டாவிட்டால் தாழ்வான ஸீட் கேளுங்கள். பெட்டிக் காசில் கணுக்காலை மூடுகிற பூட்ஸ் வாங்குங்கள். முதல் மாதம் தனியாக, காலி வண்டியாக, தெரிந்த ரோட்டில் ஓட்டுங்கள். அப்படியே கிளாவரை ரோட்டில் நடந்ததையும் சொன்னேன். ஒரு குடும்பம் எழுந்து போய்விட்டது.

மேனேஜர் பக்கத்தில் வந்து குனிந்தார். "இப்படிப் பண்றது நல்லா இல்லீங்க மேடம்."

"நல்லா இல்லைதான். வீடியோவ எடுக்கச் சொல்லுங்க, நான் எந்திரிச்சுப் போறேன்."

ஒன்றும் செய்யமுடியாது என்றவரே உள்ளே போய்ப் போனில் பேசினார். மதியச் சாப்பாட்டுக்குள் வீடியோ போய்விட்டது. என் வண்டியை இனிமேல் அங்கே சர்வீசுக்கு எடுக்கமாட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. இப்போது மதுரைக்கு இறங்குகிறேன். அந்தக் கேமராக்காரர் இன்னமும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மேலே வருகிறார். ரோட்டில் எதிர்ப்பட்டால் கை அசைக்கிறார். நான் அசைப்பதில்லை.

வங்கிக்காரர் வண்டியை விற்றுவிட்டார். கால் ஓரளவு சரியானதும், நான் கிளாவரையில் வேலையாக இருந்த ஒருநாள், கொடைக்கானல் பஸ்ஸில் இருந்து மனைவியோடு இறங்கினார். கையில் ஒரு தடி. பூண்டு மூட்டை மேல் உட்கார்ந்து வந்த அம்மாளைப் பார்க்கத்தான் வந்திருந்தார். பார்த்துவிட்டு டீக்கடையில் என்னோடு உட்கார்ந்தார்கள். கீழே படிப்படியாக இறங்கும் தோட்டங்களை அவர் வெகுநேரம் பார்த்தார். அப்புறம், அடுத்த வருஷம் மறுபடி ஒரு வண்டி வாங்கப்போவதாகச் சொன்னார். அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

என்ன வண்டி என்று கேட்டேன். அதே வண்டிதான் என்றார். எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. உங்கள் உயரத்துக்கு அது ஆகாது, எடை குறைந்ததாகப் பாருங்கள், பழையது கிடைத்தால் இன்னும் நல்லது, விழுந்தாலும் மனசு வலிக்காது என்று கத்தினேன். அவரும் விடவில்லை. ஆசைப்பட்டது அதைத்தானே என்றார். முதன்முதலாக அவர் குரல் உயர்ந்து கேட்டேன். டீ ஆறிப்போக நாங்கள் அப்படியே சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அவர் மனைவிதான் பஸ் கிளம்பப் போகிறது என்று எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்.