ஈயச் சொம்பும் தட்டை மூக்குக் குண்டுகளும்

இந்த நாட்டில் ஓய்வு பெற்றவர்கள் கோல்ஃப் ஆடுகிறார்கள். அல்லது கோயில் நிர்வாக சபையில் சேர்ந்து ஒருவரையொருவர் வழக்குக்கு இழுக்கிறார்கள். நான் ஈயக் குண்டு வார்க்கிறேன். மூன்றில் இதுதான் ஆபத்துக் குறைந்தது என்பது என் எண்ணம்.

வார்ப்பது என் வீட்டில் அல்ல. சிட்னியின் மெரிலேண்ட்ஸில் எனக்கு இருப்பது இரண்டாம் மாடி ஃபிளாட். அங்கே கருவாடு பொரித்தாலே கட்டட நிர்வாகத்திலிருந்து மின்னஞ்சல் வரும். கெல்லிவில்லில் என் நண்பருக்கு மூன்று கார் நிற்கக்கூடிய கராஜ் இருக்கிறது. கார் என்னவோ ஒன்றுதான். அவர் கும்பகோணத்துக்காரர், வங்கியின் கணினிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், முட்டைகூடத் தொடாத சைவம். காட்டுப்பன்றி ஆட்டுக்குட்டிகளைத் தின்கிறது, ஆகவே அதைச் சுடுவது தர்மம், அதைத் தின்றால்தான் பாவம் என்பார். நான் வாதாடுவதில்லை. அவர் சுடுவது எதன் மீதும் படுவதில்லை என்பதால் வாதத்துக்குத் தேவை ஏற்பட்டதுமில்லை.

அவருடையது நெம்புகோலை இழுத்துத் தோட்டா ஏற்றும் லீவர் ரைஃபிள். அதில் தோட்டாக்கள் சுடுகுழலுக்குக் கீழே ஒரு குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக, பின்னதன் மூக்கு முன்னதன் பின்புறத்தில் முட்டியபடி படுத்திருக்கும். அந்தப் பின்புறத்தில்தான் வெடிக்க வைக்கும் சிறு மூடி இருக்கிறது. கூர்மூக்குக் குண்டு போட்டால் ஒரு அதிர்ச்சியில் குழாயே வெடிக்கக்கூடும். ஆகவே குண்டின் மூக்கு தட்டையாக இருக்க வேண்டும். தட்டை மூக்கு அச்சை நானே தேர்ந்து கொடுத்தேன். நாற்பது வருடம் ஒரு வார்ப்பாலையின் ஆய்வுகூடத்தில் உலோகங்களைப் பகுத்துக் கொண்டிருந்தவனுக்கு இப்படிப்பட்ட சின்னச் சந்தோஷங்கள் போதும்.

டயர் கடைகளில் சக்கரத்தைச் சமன்படுத்த வைக்கும் ஈயக் கட்டிகள் பழையதாகக் கிடைக்கும். அவற்றை உருக்கி, அழுக்கை வழித்தெறிந்து, அச்சில் ஊற்றினால் குண்டு. ஆனால் வெறும் ஈயம் அச்சின் மூலைகளுக்குள் சரியாக ஓடாது. குண்டு சுருங்கிய முகத்தோடு வெளியே வரும். கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்தால் ஒழுங்காக ஓடும். வெள்ளீயம் சுலபமாகக் கிடைப்பதில்லை. ஒருநாள் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நண்பரின் மனைவி சமையலறையிலிருந்து ரசம் கொண்டுவந்து தந்தார். அவர்கள் வீட்டில் ரசம் ஈயச் சொம்பில்தான். யாழ்ப்பாணத்தில் நாங்கள் ரசத்தைச் சட்டியில் வைப்போம். இந்தச் சொம்பை நான் கண்டதே கெல்லிவில்லில்தான்.

"பேர்தான் ஈயச் சொம்பு. இது முழுக்க வெள்ளீயம், ஐசே. காரீயம் எண்டால் சனம் எப்பவோ செத்திருக்கும்" என்று ஒரு சிறு விரிவுரை நிகழ்த்தினேன். ஒரே சொல்லில் இரண்டு உலோகத்தை வைத்திருக்கும் மொழியைப் பற்றியும் ஏதோ சொன்னேன். நண்பர் மிகவும் கவனமாகக் கேட்டார். அவர் அப்படிக் கவனமாகக் கேட்டதை நான் அப்போதே கவனித்திருக்கலாம்.

அந்த வருடம் அவர் ஊருக்குப் போய்வந்தார். அந்த ரசச் சொம்பு அவர் மாமியாருடையது; அதில் விழுந்திருந்த டொக்கை எடுத்துப் பாலிஷ் போட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லி எடுத்துப் போனாராம். பளபளவென்று திரும்பி வந்தது. சில வாரம் கழித்து கராஜில் நெளிந்த வெள்ளை உலோகத் துண்டுகள் கொஞ்சம் காட்டினார். உலோகத்தைப் பற்றவைக்கிற பழைய பற்றாசு என்றார். ஒன்றை வளைத்தேன், வெள்ளீயம் வளையும்போது எழுப்பும் அந்த நறநறச் சத்தம் கேட்டது. நல்ல சரக்கு என்று பாராட்டி உருக்கும் சட்டியில் போட்டேன். குண்டுகள் கண்ணாடிபோல வந்தன.

ஈயத்தோடு பழகுகிறவன் வருடம் ஒருமுறை இரத்தத்தில் ஈயம் பார்க்க வேண்டும். கதவைத் திறந்து வைப்பது, கையுறை, வேலை முடிந்ததும் உடுப்பு மாற்றுவது எல்லாம் எனக்கு மூச்சு விடுவது போல. நண்பரோ டபராவில் காப்பியை எடுத்துக்கொண்டு கராஜுக்கு வருகிற ஆள். இந்த முறை நான் அவரை வற்புறுத்தி அனுப்பினேன். பொழுதுபோகாமல் கூடப்போன மனைவிக்கும் மருத்துவர் ஓர் ஊசி குத்தி இரத்தம் எடுத்தார்.

என்னுடையது சரி. நண்பருடையது கூடுதல். அவர் மனைவியுடையது அதைவிடக் கூடுதல்.

கராஜுக்குள் அந்தப் பெண் காலடி எடுத்து வைத்ததே கிடையாது. சுகாதாரத் துறையிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்து, பொழுதுபோக்குகள், நாட்டு மருந்துகள், சமையல் பாத்திரங்கள் என்று வரிசையாகக் கேட்டார். மெல்பேர்னில் இருக்கும் மகள் இணையத்தில் ஒரு சொல்லைத் தேடிவிட்டு, "அம்மா, eeyam means lead! நீ தினமும் leadலதான் ரசம் வைக்கிற!" என்று அலறினாள். இப்படித்தான் என் விரிவுரையின் மற்றப் பாதி திரும்பி வந்தது.

சனிக்கிழமை நான் போனபோது நண்பரின் மனைவி சொம்பை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"அண்ணா, நீங்க லேப்ல இருந்தவங்க. பார்த்துச் சொல்லுங்க."

கையில் எடுத்ததுமே கனம் பிடிபட்டது. வெள்ளைத் தாளில் விளிம்பைத் தேய்த்தேன். பென்சில்போலக் கருஞ்சாம்பல் கோடு விழுந்தது. நல்ல வெள்ளீயம் அப்படி எழுதாது.

"இதில காரீயம் கலந்திருக்கு, தங்கச்சி. புளியும் தக்காளியும் சேர்ந்தால் ரசத்துக்குள்ள இறங்கும். நிப்பாட்டினால் இரத்தத்தில மெல்ல மெல்லக் குறையும். பயப்பிட வேண்டாம்."

அவர் தன்னைப் பற்றிப் பயப்படவில்லை. "எங்கம்மா இதுலதான் எங்க எல்லாருக்கும் ரசம் வச்சா" என்றார். "என் தம்பிக்குப் படிப்பே ஏறல அண்ணா. மூணாங்கிளாஸைத் தாண்டல. டாக்டர்ங்க ஒண்ணும் கண்டுபிடிக்கல. அம்மா சாகறவரைக்கும் நான் என்ன தப்புப் பண்ணினேன்னு கேட்டுட்டே இருந்தா. இதுதானா?"

நண்பர் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் படித்துக்கொண்டிருந்தார். குற்றம் கராஜின் மேல் இல்லை என்று ஆனதில் அவருக்கு ஒரு பெருமூச்சாவது வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பழக்கதோஷத்தில் சொம்பைக் கவிழ்த்து அடியைப் பார்த்தேன். மாமியாரின் பெயர் வெட்டியிருந்தது. கல்யாணச் சீராக வந்த பாத்திரம், அறுபது வருடத்துக்கு மேல் என்று முன்பே சொல்லியிருக்கிறார்கள். பெயரில் ஒரு 'லை' உண்டு. அந்த 'லை' இப்போது நாம் எழுதுவதுபோல, முன்னால் தனிக் கொம்போடு இருந்தது. அறுபது வருடத்துக்கு முன் பாத்திரக் கடைக்காரன் உளியால் பெயர் வெட்டியிருந்தால், யானை தும்பிக்கையைத் தூக்கியதுபோல மேலே சுருண்ட பழைய லையைத்தான் வெட்டியிருப்பான். நான் அரிவரி வகுப்பில் எழுதிப் பழகியதும் அதைத்தான். எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் படித்த நண்பரின் மனைவிக்கு இதில் உறுத்த ஒன்றுமில்லை. தவிர, அடுப்பில் இருக்கும் பாத்திரத்தின் அடியை யார் தினமும் வாசிக்கிறார்கள்?

"ஐசே, கராஜுக்கு ஒருக்கா வாரும்" என்றேன்.

கதவைச் சாத்தியதும் கேட்டேன். "உம்முடைய மாமியின்ர சொம்பு எங்க?"

அவர் நடிக்க முயலவில்லை. வார்த்த குண்டுகள் இருந்த பெட்டியைப் பார்த்தார்.

"ஊர்ல ஒரு சந்துக் கடைல அதே சைஸ்ல புதுசு கிடைச்சுது சார். பேரு மெஷின்லயே வெட்டிக் குடுத்தான். அவளுக்கு வித்தியாசமே தெரியல. ரசம் ருசி மாறிடுச்சுன்னு மட்டும் சொல்லிட்டே இருந்தா. சிட்னி தக்காளி சரியில்லன்னுட்டேன்."

"தக்காளி பாவம்."

"நீங்கதானே சார் சொன்னீங்க, அது முழுக்க டின்னுன்னு."

"ஓம், சொன்னனான். சந்திரன் தூரத்தில இருக்கு எண்டும் சொன்னனான். நீர் போய் எடுத்துக்கொண்டு வரேல்லையே."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "சொன்னா என்னைக் கொன்னுடுவா சார். சொம்பைத் தூக்கிப் போட்டுடலாம். ரத்தம் தானா சரியாயிடும்னு நீங்களே சொல்லிட்டீங்க. அதோட முடிஞ்சுதே."

"இரத்தம் சரியாகும். தாய்தான் தம்பியைக் கெடுத்தது எண்டு அந்தப் பிள்ளை உள்ள இருந்து யோசிக்குது. அதுக்கு என்ன மருந்து?"

அவர் அச்சைக் கையில் எடுத்துத் திறந்தார், மூடினார். திரும்பத் திறந்தார்.

"நீங்க சொல்லுங்களேன் சார். நீங்கன்னா கோவப்பட மாட்டா."

"நான் உலோகம்தான் பார்க்கிறனான். போம்."

போனார். கராஜுக்கும் சமையலறைக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய சுவர். புதிய வீடுகளின் சுவர்கள் இரகசியத்துக்காகக் கட்டப்பட்டவை அல்ல. முதலில் அவர் குரல் மட்டும் கேட்டது. பிறகு மனைவியின் குரல், கத்தாமல், மிக நிதானமாக: "அப்போ அம்மா சொம்பு நல்ல சொம்பு." அவர் ஏதோ சொன்னார். "அதைச் சொல்லுங்க முதல்ல. நல்ல சொம்புதானே?"

"நல்ல சொம்பு."

அதற்குப் பிறகுதான் கத்தல் தொடங்கியது. அதை எழுதப்போவதில்லை, கும்பகோணத்துத் தமிழில் அவ்வளவு வளம் உண்டு என்பதை மட்டும் பதிந்து வைக்கிறேன்.

அரை மணி நேரத்தில் அந்தப் பெண் முதன்முறையாகக் கராஜுக்கு வந்தார். தொடாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பெட்டியில் இருந்த குண்டுகளைக் குனிந்து பார்த்தார்.

"இதைத் திருப்பிச் சொம்பா ஆக்க முடியுமா அண்ணா?"

"ஏலாது, தங்கச்சி. ஈயத்தோட கலந்தது கலந்ததுதான்."

"தோட்டால ஏத்தினதும் இருக்கா?"

இருந்தன. அவர் ஒரு கதிரையை இழுத்துக் கராஜ் வாசலில், காற்று வரும் பக்கமாகப் போட்டு உட்கார்ந்தார். உத்தரவு ஒன்றும் தரவில்லை, தேவையும் இருக்கவில்லை. நண்பரும் நானும் தோட்டா பிரிக்கும் சுத்தியலை எடுத்தோம். சுத்தியலின் தலைக்குள் தோட்டாவை மாட்டி மரக்கட்டையில் ஓங்கித் தட்டினால் குண்டும் வெடிமருந்தும் கழன்று விழும். ஏற்றுவதைவிட இறக்குவது எரிச்சல் பிடித்த வேலை. நண்பர் ஒவ்வொன்றாகத் தட்டினார். நான் மருந்தை ஒரு புட்டியிலும், பித்தளைக் கூடுகளை ஒரு தட்டிலும், குண்டுகளை மூடியுள்ள கண்ணாடிச் சாடியிலும் போட்டேன். அந்தச் சாடி பூஜை அலமாரிக்குப் போகக்கூடாது, கைப்பட்டால் கழுவ வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தேன். நண்பரின் மனைவி அப்படி ஒரு யோசனையில்தான் இருந்திருக்கிறார். முகத்தில் தெரிந்தது.

கடைசித் தோட்டாவும் கழன்ற பிறகு கேட்டார். "சுட்டுட்டதும் இருக்கும்ல? அது பன்னி மேல பட்டுதா?"

நண்பர் சுத்தியலைப் பார்த்தார். முட்டை தொடாத வீடு. மாமியாரின் அந்தப் பாத்திரத்தில் வெங்காயம்கூட விழுந்ததில்லை. பதில் சொல்லும் கடமை என் மேல் விழுந்தது. அந்தக் குண்டுகளோடு அவர் பன்றி சுடப் போன பயணத்தில் பக்கத்திலேயே நின்றவன் நான்.

"இல்லை, தங்கச்சி" என்றேன். "உம்முடைய மனுசன் சுட்டதில ஒண்டுகூட ஒண்டிலயும் படேல்லை. எல்லாம் ஓடைக்கரை மண்ணுக்குள்ளதான் கிடக்கு."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்டுகூட. பன்றி நிண்டு பார்த்திட்டுப் போனது."

நண்பர் நிமிர்ந்து என்னை முறைத்தார். அவர் மனைவி முதலில் வாயை மூடிக்கொண்டார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். எழுந்து உள்ளே போனார். ஊரில் இருக்கும் தம்பியைத் தொலைபேசியில் கூப்பிடும் சத்தம் அந்த மெல்லிய சுவர் வழியே கேட்டது.