மொட்டை மாடி டேங்க்கோடு பூண்டிக்குப் போன கேம்பர்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, கொரட்டூரிலிருந்து பூண்டி ஏரிக்குக் கேம்பர் வண்டியில் போய் வந்தோம். வண்டி என்னுடையது இல்லை, நண்பன் ஜோசப்புடையது. இதை எழுதும்போதே வயிறு எரிகிறது. பிக்கப் வண்டியின் பின்னால் படுக்கை, அடுப்பு, ஜன்னல் என்று ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்ற வேண்டும் என்று வருஷக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தவன் நான். பாடியில் ஒரு பட்டறையில் கொடுத்துக் கட்டியே முடித்தவன் அவன். ஜன்னலுக்குத் திரைகூடப் போட்டிருந்தான், பாவி.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். ஆவடி, திருவள்ளூர் வழியாகச் சுமார் ஐம்பது கிலோமீட்டர். நான், ஜோசப், இரண்டாம் வகுப்பு படிக்கும் என் பெண் தாரணி. வண்டிக் கூரையில் இருநூறு லிட்டர் கறுப்பு டேங்க், தளும்பத் தளும்பத் தண்ணீர். நம்ம ஊரில் டேங்க் என்றாலே மொட்டை மாடிதானே, அந்தப் பழக்கத்தில் வண்டியிலும் உச்சியில் ஏற்றிவிட்டான். போதாக்குறைக்குத் தாரணி, பின்னால் படுத்துக்கொண்டுதான் வருவேன் என்று ஒரே அடம்.

"டேங்க்க காலி பண்ணுடா. கொழந்த நம்மகூட சீட்ல பெல்ட் போட்டு ஒக்காரட்டும்" என்றேன்.

"இன்னா மாமே, காலங்காத்தாலயே வயித்தெரிச்சலா?"

நான் எதைச் சொன்னாலும் அது பொறாமைக் கணக்கில்தான் போகும். தாரணியும் அவன் கட்சி. விட்டுவிட்டேன்.

ஆவடி தாண்டி ஒரு வளைவில், முன்னால் போன ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றச் சட்டென்று நின்றது. ஜோசப் வலப்பக்கம் ஒடித்தான். வேகம் ஐம்பதுகூட இல்லை. மேலே தண்ணீர் மோதுகிற சத்தம் கேட்டது, வண்டி என் பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனது. அவன் பக்கத்துச் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பி, தொப்பென்று விழுந்தன. பின்னாலிருந்து சத்தமே இல்லை. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். தாரணி உருண்டுபோய் அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தாள், நெற்றி புடைத்திருந்தது. என்னைப் பார்த்த பிறகுதான் அழுதாள். எனக்கு உயிரே அப்போதுதான் வந்தது.

"ஆட்டோக்காரன் எப்டி நிறுத்திகினு கீறான் பாத்தியா?" என்றான் ஜோசப்.

"அவன் தெனமும்தான்டா நிறுத்தறான். மத்த வண்டிங்க சாஞ்சிதா? ஒன் கூரைல இருநூறு கிலோ ஒக்காந்துகினு கீது."

அவன் டேங்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டான். தண்ணீர் தீர்ந்த பிறகு ஓட்டிப் பார்த்தால், வேறு வண்டி மாதிரி அடங்கி ஓடியது.

கேம்பர் கட்டுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: டேங்க்கைக் கீழே வைத்துச் சின்ன மோட்டார் போடுங்கள். கனமான எதையும் கூரைக்குக் கொண்டுபோகாதீர்கள். வண்டி ஓடும்போது படுக்கையில் யாரும் வேண்டாம், எவ்வளவு அடம் பிடித்தாலும்.

திரும்பும்போது தாரணி என் பக்கத்தில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாள். "நாமளும் இந்த மாதிரி வண்டி வாங்கலாமாப்பா?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஜோசப் முந்திக்கொண்டான். "இது ஒன் வண்டி கண்ணு. டேங்க்க கீழ எறக்கிட்டு, எப்ப கேட்டாலும் மாமா எடுத்துகினு வரேன்."

நல்லவன்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.